தொலைத்ததா, விட்டதா

என் தாய்மாமா குவைத்திலிருந்து வந்தபோது பெட்டி நிறையத் தங்கம் வரும் என்று எங்கள் தெருவே நம்பியது. அம்மா ஒரு படி மேலே போய், வரப்போகிற சங்கிலிக்கு எந்த டாலர் எடுப்பாக இருக்கும் என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். மாமா பெட்டியைத் திறந்தார். சாக்லேட், தைலம், சோப்பு, எனக்கொரு பொம்மை எல்லாம் வந்த பிறகு அடியிலிருந்து துணி சுற்றிய நீளமான சாமான் ஒன்று வந்தது. ஒரு கைப்பிடி, ஒரு குழாய், குழாயின் நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தை இது கண்டுபிடித்துச் சத்தம் கொடுக்கும் என்று மாமா விளக்கினார். அம்மா அந்தத் தட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"குவைத்துல இருந்து எல்லாரும் தங்கம் கொண்டு வாராங்க. எந்தம்பி தங்கத்தத் தேடுற மிசினக் கொண்டாந்திருக்கான்" என்று அய்யாவிடம் சொன்னாள். என் அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாயில் சாக்லேட் இருந்ததால் வம்பில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தார்.

மாமா அங்கே டிரைவர் வேலை பார்த்தார். ஒரு விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போனபோது இதே போன்ற மிஷினோடு ஒரு வெள்ளைக்காரர் மணலில் நடந்துகொண்டிருந்தாராம். கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அவர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். கொடுத்துவிட்டு ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டாராம். இதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டிருக்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்களாம். மோதிரம் கைக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று மாமா எங்களுக்குச் செய்து காட்ட முயன்றார். அவருக்கு வரவில்லை. "அத ஒரு தடவ பாத்தாத் தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னார். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புவதற்குள் ஒரே ஒரு மோதிரத்தையாவது உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குள் அவருக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மா காட்டிய பெண்களை எல்லாம் மாமா ஒவ்வொரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்.

ஆசைக்கு ஏற்ற இடம் என்னவோ எங்களிடம் இருந்தது. இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்குப் பக்கத்தில் அய்யா உடை மாற்றும் அறைகள் நடத்திவந்தார். கடலில் குளிக்க வருகிறவர்கள் பையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது யாராவது ஒருவர் ஈரத்துணியோடு அழுதுகொண்டே வருவார். தோடு போச்சு, மோதிரம் போச்சு என்று அய்யாவிடம் முறையிடுவார். அய்யா அவருக்கு ஒரு நாற்காலியைப் போடுவார். அதற்கு மேல் அவரால் ஆனது ஒன்றுமில்லை.

மாமா மிஷினோடு இறங்கினார். ஆனால் அந்தக் கரையில் தொலைந்த பொருளைவிட வேண்டுமென்றே விட்டுப்போன பொருள் அதிகம். கட்டியிருந்த துணியிலிருந்து கலசம், விளக்கு, நாணயம் வரை எல்லாவற்றையும் ஜனங்கள் பாவத்தோடு சேர்த்துக் கடலில் விட்டுவிட்டுப் போவார்கள். மிஷினை வைத்த இடமெல்லாம் அது கத்தியது. ஆணி, ஊக்கு, சோடா மூடி, விளக்கின் தண்டு என்று ஒரு பக்கெட் நிறையச் சேர்ந்தது. "இன்னும் கொஞ்சம் ஆணி சேரட்டும் மாப்ள, ஒரு வள்ளமே கட்டிரலாம்" என்றார் அய்யா. பள்ளிக்கூடத்தில் என் மாமாவுக்கு ஆணி மாமா என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு அதில் மகா அவமானம்.

அதனால் மாமா கூட்டம் குறைவான சங்குமால் கரைக்கு மாறினார். அங்கே வேறு தொல்லை. எங்கள் கடற்கரையில் ஒருவன் மணலைக் கிளறினால் படகில் வந்த கடத்தல் தங்கத்தைத் தேடுகிறான் என்றுதான் அர்த்தம். போலீஸ்காரர்கள் வந்து மாமாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அது நேராக அதிகாரியின் பெல்ட்டைப் பார்த்துக் கத்தியது. எல்லாரும் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். தொலைந்த பைக் சாவியைத் தேடித் தரச் சொல்லி ஒரு ஏட்டையா மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். சாவி அவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேலேயே கிடைத்தது. மிஷின் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஐந்தாம் வகுப்புக்குப் புது டீச்சர் ஒருவர் வந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையில் இன்னொரு டீச்சரோடு தங்கியிருந்தார். விரலில் சிவப்புக்கல் வைத்த நிச்சயதார்த்த மோதிரம் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது அதில் சாக்பீஸ் தூள் படியும். மணி அடித்ததும் முந்தானையால் துடைத்துக்கொள்வார். எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே முன்பெஞ்சுக்குச் சண்டை போடுவோம். மாப்பிள்ளைக்கு மதுரையில் சொந்த வீடு, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்களாம் என்று அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் பேசிக்கொண்டார்கள். அதை ஒரு நல்ல சேதியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சங்குமாலில் நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு பழைய வத்தைக்கு எதிரே, முழங்காலளவு தண்ணீரில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வத்தை என்றால் சின்னப் படகு. டீச்சரின் காதில் போன் இருந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார். கை ஒருதரம் முன்னால் போய்த் திரும்பியது. கரையேறி வந்தபோது கண் கலங்கியிருந்தது. கடலிலிருந்து அழுதுகொண்டு வருகிறவர்கள் எதையாவது தொலைத்தவர்கள் என்பது உடை மாற்றும் அறை வைத்திருப்பவர் மகளுக்குத் தெரியாதா?

என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா. மோதிரத்தக் கடல்ல விட்டுட்டேன்" என்றார்.

எங்கள் அறைக்கு வந்து அழுகிற எல்லாரும் சொல்வது அதைத்தான். தோட்ட விட்டுட்டேன், செயின விட்டுட்டேன். எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தெரியாது. அழாதீர்கள், எங்கள் மாமாவிடம் மிஷின் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஏய், நில்லு என்று டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை. மாமாவுக்கு ஒரு மோதிரம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூச்சு வாங்க மாமாவிடம் சொன்னேன், "மாமா, எங்க டீச்சர் மோதிரத்தத் தொலச்சுட்டாங்க."

ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினேன். அதில் எங்கள் குடும்பமே மாறிப்போனது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரே எங்கள் அறைக்கு வந்துவிட்டார். மாமா தட்டை எல்லாம் துடைத்து ஆயத்தமாக இருந்தார். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று கேட்கப்போகிறார் என்று நானும் பக்கத்தில் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா என்னைச் சுண்டல் வாங்கிவர அனுப்பினார். திரும்பி வந்தபோது டீச்சர் அய்யாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார், ஆனால் இப்போது லேசாகச் சிரித்துக்கொண்டும் இருந்தார். மாமா அவரிடம் முதுகுளத்தூருக்கு நேர் பஸ் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மோதிரம் கிடக்கிற கடலுக்கும் முதுகுளத்தூர் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. சுண்டலைச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தேடல் நடந்தது. மாமா காதில் மாட்ட வேண்டிய ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வீடு கூட்டுகிற மாதிரி மிஷினை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு நடப்பார். டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். மணல் அரிக்கிற சல்லடையோடு நான் பின்னால். மாமா குவைத்துக் கதைகளைச் சொல்வார். டீச்சர் எங்கள் வகுப்புக் கதைகளைச் சொல்வார். நான் கேள்விக்கு எழுதிய பதில்கள் கூட அதில் வந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது, அவர்கள் தேடுகிற இடம். கரையின் அந்தக் கோடிக்குப் போய், கருவேலங்காட்டுப் பக்கம் தேடினார்கள்.

"அங்கன இல்ல மாமா. டீச்சர் நின்னது இங்கன, வத்தைக்கிட்ட" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

"அலை இழுத்துட்டுப் போயிருக்கும் மருமகளே" என்பார் மாமா.

எங்கள் பக்கத்துக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மாடு குளிப்பாட்டுகிற குளம் இதைவிடத் துள்ளும். காகிதக் கப்பல் விட்டால் விட்ட இடத்திலேயே நனைந்து உட்கார்ந்துவிடும். இவர் பாட்டுக்கு அலை இழுத்துப்போனது என்கிறாரே, குவைத்துக்குப் போய்ச் சொந்த ஊர்க் கடலையே மறந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் டீச்சரோடு தங்கியிருந்தவர் மூலமாக அம்மாவுக்கு ஒரு சேதி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இராமேஸ்வரத்துக்குக் குளிக்க வருகிறார்கள், டீச்சரின் அப்பாவும் வருகிறார், அன்றைக்கே கல்யாணத் தேதியைக் குறித்துவிடப் போகிறார்கள் என்று. "ஏலே, அந்தப் பிள்ள வெறுங்கையோட அவுக முன்னாடி நின்னா என்ன ஆகும்? ஒனக்கு இது வெளாட்டா இருக்கு" என்று அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். மாமா தட்டில் இருந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். தேடுறேன்க்கா, தேடுறேன்க்கா என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம்தான் நான் அந்த மோசடியைக் கண்டுபிடித்தேன். மிஷினின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. ஓடும்போது அதில் வெளிச்சமும் எண்களும் தெரியும். மாமா மிஷினை வீசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது பார்த்தேன், திரை இருட்டாக இருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கிறது. தீர்ந்தது தெரியாமல் எத்தனை நாளாக இப்படி நடந்தாரோ பாவம். அங்கேயே சொன்னால் டீச்சர் முன்னால் மாமாவுக்கு அவமானமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு இருந்த நாகரிகத்தை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

வியாழக்கிழமை ஏதோ உள்ளூர் விடுமுறை. என் உண்டியலை உடைத்து, கடையில் புது பென்சில் பேட்டரிகள் வாங்கினேன். மாமா மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, பொத்தானை அமுக்கினேன். திரை பளிச்சென்று வந்தது. கழற்றிய பழைய பேட்டரிகளில் ஒன்றை அம்மா நின்றுபோன சுவர்க் கடிகாரத்தில் போட்டாள். அது ஓட ஆரம்பித்து, ரொம்ப காலம் ஓடியது. கடிகாரத்துக்குப் பேட்டரி கொஞ்சம் போதும் போல என்று எடுத்துக்கொண்டேன்.

மிஷின் என்னைவிட உயரம். அதையும் சல்லடையையும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு சங்குமாலுக்குப் போனேன். நேராக அந்த வத்தைக்கு எதிரே இறங்கினேன். முதலில் ஒரு ஆணி வந்தது. அடுத்து ஒரு தகரத் துண்டு. மூன்றாவதாகக் காதில் ஒரு மெல்லிய சத்தம், குயில் குஞ்சு மாதிரி. சல்லடையை விட்டு மணலை அள்ளி அலசினேன். சிவப்புக்கல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் எங்கள் அறைக்கு ஓடிவந்தபோது எல்லாருமே இருந்தார்கள். மிஷினைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த மாமா, தேடலுக்குப் புறப்பட்டு வந்த டீச்சர், கல்லாவில் அய்யா, அவருக்குக் காப்பி கொண்டுவந்த அம்மா. மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினேன். அம்மா, ராமநாதசாமி காப்பாத்திட்டாரு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் டீச்சரின் முகத்தையே பார்த்தேன். மாமா செய்து காட்ட முடியாமல் போன அந்த முகத்தைப் பார்க்கத்தான். அது வரவில்லை. யாரோ செத்துப்போன மாதிரி ஒரு முகம் வந்தது. மாமாவின் முகமும் அதேதான். இத்தனை நாள் தேடியவர்களுக்கு இல்லாத சந்தோஷம் எனக்கு மட்டும் எதற்கு என்று எனக்கு அழுகை முட்டியது.

மாமா என் கையிலிருந்து மோதிரத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தார். பிறகு எல்லார் முன்னாலும் டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"இது தொலச்சதா, விட்டதா? தொலச்சதுன்னா உங்க கைக்கு வரணும். விட்டதுன்னா குடுத்தவங்க கைக்குப் போகணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

வகுப்பில் கேள்வி கேட்டால் நாங்கள் நிற்கிற மாதிரி டீச்சர் நின்றார். அப்புறம் தெளிவாகச் சொன்னார்.

"வேலைய விடச் சொன்னாங்க. என்னால முடியல. மோதிரத்த விட்டுட்டேன்."

அம்மா வாயில் கை வைத்தாள். மாமா மோதிரத்தை டீச்சரிடம் நீட்டி, அப்ப நீங்களே குடுத்துருங்க, அதுதான் முறை என்றார். டீச்சர் அதை வாங்கி, விரலில் போடாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவர் போன பிறகு அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா பக்கெட்டில் இருந்த ஆணிகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு வேனில் வந்தார்கள். பைகளை எங்களிடமே கொடுத்துவிட்டுக் குளித்தார்கள். ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் டீச்சர் போய், கைக்குட்டையை அவிழ்த்து மோதிரத்தை அவர் கையில் வைத்தார். இது உங்கள் பொருள், என்னால் வேலையை விட முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. அப்புறம் அங்கே கொஞ்ச நேரம் பேச்சு தடித்தது. நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் கையை ஆட்டினார்கள். வேன் கதவு படீரென்று சாத்தப்பட்டது. வேன் போய்விட்டது. நான் உண்டியலை உடைத்து, மிஷினைச் சுமந்து தேடி எடுத்த மோதிரம், ஒரு நன்றி கூடச் சொல்லாத அந்த அம்மாவின் பையில் மதுரைக்குப் போனது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். டீச்சரிடம் நியாயம் கேட்கலாம் என்று திரும்பினேன்.

டீச்சர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வெறும் விரலை இன்னொரு கையால் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கும் செய்து காட்டத் தெரியாது. பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். மாமாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

டீச்சரின் அப்பா மட்டும் வேனில் ஏறவில்லை. அய்யாவின் நாற்காலியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அய்யா டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீ உள்ளே போனதும் மனிதர் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். மகள் முகத்தில் எதைக் கண்டாரோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் அய்யாவிடம், "அந்த மிசின் வச்சிருக்கிற தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

இவரும் எதையோ தொலைத்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

அய்யா ஊரைச் சொன்னார், யார் வீட்டுப் பிள்ளை என்றும் சொன்னார். இரண்டு பேரும் சுற்றி வளைத்துப் பேசியதில் எங்கேயோ போய்ச் சொந்தம் ஒட்டியது. மாமா குவைத்துக்குப் போகவில்லை. அரிச்சல்முனைக்கு ஆட்களை ஏற்றிப்போக ஒரு ஜீப் வாங்கினார். அந்த மிஷின் இப்போதும் அவரிடம் இருக்கிறது. இதற்குள் எத்தனையோ பேருக்கு மோதிரம் தேடிக் கொடுத்துவிட்டார். யாராவது அழுதுகொண்டு வந்தால் தட்டை எடுப்பதற்கு முன்னால், தொலச்சீங்களா விட்டீங்களா என்று இன்றைக்கும் கேட்கிறார். அக்கம்பக்கத்தில் அதை அவருடைய கிறுக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் வகுப்பில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று ஒரு பாடம் வந்தது. 'விடு' என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டார் டீச்சர். பட்டம் விடு, லீவு விடு, மூச்சு விடு என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். நான் எழுந்து மோதிரம் விடு என்றேன். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

கல்யாணம் முதுகுளத்தூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும், வாய் குறுகலான ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு மோதிரத்தைப் போட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே சமயத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பார்க்கச் சுற்றிலும் கூட்டம். நான் மாமா பக்கம். கடலில் கிடந்த மோதிரத்தையே தேடுகிறவருக்குக் குடத்தில் கிடப்பது எம்மாத்திரம் என்று எல்லாரிடமும் பெருமையடித்து வைத்திருந்தேன். இரண்டு கையும் உள்ளே போயின. போனது போனதுதான், வெளியே வரக் காணோம். பெண்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். மாமாவின் காது சிவந்துவிட்டது. டீச்சர், அதாவது அப்போதுதான் எனக்கு அத்தையானவர், தலையைக் குனிந்துகொண்டார்.

மாமாவின் மானம் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மாமா, மிசின எடுத்துட்டு வரவா?" என்று கத்திக் கேட்டேன். பந்தலே அதிரச் சிரித்தது.

"வேணாம் மருமகளே, மெதுவாக் கெடைக்கட்டும்" என்றார் மாமா, கையை வெளியே எடுக்காமலேயே.

மறுபடியும் பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.